எண் போடாத பத்திரம்

மார்ச் 3, திங்கள்

நுழைவுச் சீட்டு வந்துவிட்டது. மாவட்ட நீதிபதி பதவிக்கான எழுத்துத் தேர்வு, ஏப்ரல் ஆறாம் தேதி, சென்னையில். எனக்கு நாற்பத்தேழு முடிந்துவிட்டது. வயது வரம்பு இந்த முறையோடு சரி. இதற்கு முன் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை நேர்முகம் வரை போனேன். தேர்வானவர்கள் பட்டியலைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை சிரிப்பும் வரவில்லை.

வக்கீல்கள் அறையில் நான்கு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். "குணசீலன் சார் ஜட்ஜானா நாங்கள்லாம் ஊரை விட்டே போயிடணும்" என்றான் ஒருவன். உண்மைதான். போக வேண்டியவர்களில் அவன் முதல்.

தண்ணீர் மோட்டார் மறுபடி ஓடவில்லை. ஆள் நாளைக்கு வருவானாம்.

மார்ச் 9, ஞாயிறு

தேர்வில் தீர்ப்பு எழுதும் தாள் ஒன்று உண்டு. கையேடுகளில் இருக்கும் வழக்குகளை எழுதிப் பழகினால் கைதான் வலிக்கிறது. யாருக்கும் எதுவும் போகவில்லை, யாருக்கும் எதுவும் வரவில்லை. வேறு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷங்களில் நான் தோற்ற வழக்குகளின் கட்டுகள் பரணில் இருக்கின்றன. அவற்றை எடுத்து, நானே நீதிபதியாக உட்கார்ந்து, புதிதாகத் தீர்ப்பு எழுதுகிறேன். ஒரே நிபந்தனை: நீதிமன்றத்தின் முன் வந்த காகிதம் மட்டுமே கணக்கு. என் நினைவுக்கு இடமில்லை.

மூன்று எழுதினேன். மூன்றிலும் என் கட்சிக்காரருக்கே வெற்றி.

பால்சாமி படித்துப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக என் குமாஸ்தா. "சார், தோத்தவங்களுக்கு அப்பீல் பண்ண டைம் குடுப்பீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

ஒச்சம்மாள் வழக்கை எடுத்தேன். இதை நான் தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டேன்.

ஒச்சம்மாள் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறவள். வீடும் தொழுவமும் உள்ளே இருக்கின்றன. தெருவுக்கு வர ஒரு சந்து. முன்வீட்டு ரைஸ்மில் தனுஷ்கோடி ஒரு நாள் சந்தின் வாயில் சுவர் எழுப்பி, அது தன் இடம் என்றார். முன்சீப் கோர்ட்டில் அவளுக்காக வழக்குப் போட்டேன். தனுஷ்கோடியைக் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணையில் நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தேன். நடுவில் முன்சீப் வேதநாயகம், "மிஸ்டர் குணசீலன், நாடகம் போதும். கேள்வி கேளுங்கள்" என்றார். கோர்ட் நிறைய ஆட்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தது இன்றும் காதில் இருக்கிறது. அதோடு என் விசாரணை முடக்கப்பட்டது. வழக்குத் தள்ளுபடி. ஒன்பது வருஷம் ஆகிறது. இதைக் கேண்டீனில் நான் சொல்லிக் கேட்காத வக்கீல் இந்த ஊரில் இல்லை.

அப்பீலுக்கு ஒச்சம்மாள் என்னிடம் வரவில்லை. ஜெசிந்தாவிடம் போனாள். ஜெசிந்தாவைப் பற்றி இந்த நோட்டில் எழுத விருப்பமில்லை.

ஆறு வருஷம் என் ஜூனியராக இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மேஜைச் சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

கோர்ட் முடிந்து வந்து தனுஷ்கோடியின் சாட்சியத்தைப் படித்தேன். ஏழு பக்கம். ஏழாம் பக்கத்தின் கடைசியில் இப்படி இருக்கிறது: "மேற்கொண்டு கேள்விகள் உண்டா என்று நீதிமன்றம் வினவியதில், இல்லை என்று வாதி தரப்பு வழக்கறிஞர் தெரிவித்தார்."

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. டைப் அடித்தவரின் தவறாக இருக்கலாம்.

கட்டுக்குள் என் கேள்விப் பட்டியலும் இருந்தது. நீல மையில் முப்பத்தொரு கேள்விகள். பத்தொன்பது வரை டிக். இருபதாவது: "1968 கிரயப் பத்திரத்தைக் காட்டு. அப்பா கையெழுத்தை ஒப்புக்கொள்ள வை. மார்க் செய்."

அதன் பின்னாலேயே அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். பதிவு அலுவலகத்தில் இரண்டு மாதம் அலைந்து நானே வாங்கியது. தனுஷ்கோடியின் அப்பா அந்த வீட்டை வாங்கிய பத்திரம். "கீழ்ப்புறம் எட்டடிப் பொதுப்பாதை நீங்கலாக" என்று அச்சடித்த மாதிரித் தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரு பத்திரத்தைச் சாட்சியிடம் காட்டி, எண் போட்டு, பதிவில் சேர்த்தால்தான் நீதிபதிக்கு அது இருக்கிறது என்று அர்த்தம். இதன் மூலையில் எந்த எண்ணும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

தலைவலி. படிக்கவில்லை. தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

எழுதினேன். நிபந்தனை நிபந்தனைதான்: பதிவில் இருப்பது மட்டும். இரண்டு முறை வேறு முடிவுக்கு வரப் பார்த்தேன். பக்கத்தின் பாதியில் பேனா நின்றுவிட்டது. வாதி தன் வழக்கை நிரூபிக்கவில்லை. வழக்குத் தள்ளுபடி.

வேதநாயகத்தின் தீர்ப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் என்னைவிட இரண்டு பத்தி அதிகமாக ஒச்சம்மாளுக்காக யோசித்திருக்கிறார். "பாதையைக் காட்டும் பழைய பத்திரம் எதையும் வாதி தரப்பு தாக்கல் செய்யாதது வருந்தத்தக்கது" என்று ஒரு வரி. இத்தனை காலம் அதை எனக்கு விட்ட குத்தல் என்றே படித்துவந்திருக்கிறேன்.

கட்டைப் பரணில் வைக்கச் சொன்னேன். பால்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது கரையான் அரிச்சுப் போச்சுன்னு ஜெசிந்தாம்மாகிட்ட சொன்ன கட்டுல்ல?"

"வேலையைப் பாருங்க" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சென்னை. தேர்வு நன்றாக எழுதினேன். கட்டுரைத் தலைப்பு: நீதி எளியவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? ஆறு பக்கம். கோர்ட்டில் நீதிபதிக்கு நாற்காலி, வக்கீலுக்கு நாற்காலி, போலீஸுக்குக்கூட ஸ்டூல் உண்டு. யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்தக் கட்சிக்காரர் மட்டும் வராந்தாவில் நிற்கிறார் என்று எழுதினேன். டவாலி பெயரைக் கூப்பிடும்போது பெண்கள் கழிவறை தேடி வெளியே போயிருந்தால் வழக்கே போய்விடும் என்று எழுதினேன். வாய்தாவுக்கு வந்து போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி என்று எழுதினேன். வக்கீல் தன் கோபத்தைக் கட்சிக்காரரின் செலவில் காட்டக் கூடாது என்றும் ஒரு வரி வந்து விழுந்தது. அடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஏ.சி. வேலை செய்யவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒட்டடை அடித்தோம். பரணை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

மே 21, புதன்

தேறிவிட்டேன். நேர்முகம் ஜூன் இருபது. என் மனைவி வசுமதி பாயசம் வைத்தாள். "மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கங்க, அங்கயாவது" என்றாள்.

உறுதிமொழிப் படிவம் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். தொழில் ஒழுங்கை மீறியதாக என் மீது புகாரோ விசாரணையோ உண்டா? இல்லை என்று எழுதினேன். புகார் இல்லை. அதைத்தானே கேட்கிறார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்தது. சப் கோர்ட் வராந்தாவில் ஒச்சம்மாள் தூணோரம் நின்றாள். பார்க்காத மாதிரி போகலாம் என்றால் அவள் பார்த்துவிட்டாள்.

"வக்கீலய்யா, சொகமா இருக்கீகளா? தலையெல்லாம் வெளுத்துப் போச்சே."

"வழக்கு எப்படி இருக்கு?"

"நிக்கிது, என்னைய மாதிரி" என்றாள். அப்பீல் போடவே காலதாமதம் ஆகி, அந்தத் தாமதத்தை மன்னிக்கும் மனு மட்டும் நாலு வருஷம் நடந்ததாம். இப்போதுதான் வாதத்துக்கு வந்திருக்கிறது, ஜூன் பன்னிரண்டு.

அவள் புருஷன் சின்னக்காளையைக் கேட்டேன். போன டிசம்பரில் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. "வாரம் மூணு நாளு ஆசுபத்திரிக்கிக் கூட்டியாந்து கையி காலுக்குப் பயிற்சி குடுத்தா நடந்துருவாருன்றாரு டாக்டரு. சந்துதான் இல்லியே. இப்ப சுத்திப் போற வாய்க்காக் கரையில ஆட்டோ வராது. கட்டில்ல வெச்சு நாலு பேரு தூக்கணும். மொத வாரம் வந்தாய்ங்க. வாரம் மூணு நாளு எவன் வருவான்?"

டவாலி கூப்பிட்டார். ஓடினாள்.

ஜூன் 5, வியாழன்

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஜெசிந்தாவின் அலுவலகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஜூனியர் பழக்கம் இன்னும் போகவில்லை.

"உக்காருங்க சார். காபி சொல்லட்டுமா? நான் சொன்னா குடிப்பீங்களா?"

கட்டை மேஜை மேல் வைத்தேன். மேல் அட்டையில் வழக்கு எண் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கரையான் அரிச்சிருச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டாவது தடவை பால்சாமி அண்ணன் முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன்."

"ஆமா."

"கயித்தக்கூட அரிக்கலையே சார்."

பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். "எட்டடி" என்றாள் தனக்குத்தானே. பிறகு வக்கீலாகப் பேசினாள். அப்பீலில் புதிய ஆவணத்தைச் சேர்க்கலாம். ஆனால் கீழ்க்கோர்ட்டில் ஏன் தாக்கல் செய்யவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். "ஒச்சம்மா சொன்னா எடுபடாது. அவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. நீங்கதான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும் சார். அபிடவிட்டா."

"எல்லாத்தையுமா?"

"பத்திரம் இத்தனை வருஷம் எங்க இருந்ததுன்னு ஜட்ஜ் கேப்பாரே?"

நேர்முகம் இருபதாம் தேதி என்று சொன்னேன். பன்னிரண்டாம் தேதிக்கு ஒரு வாய்தா வாங்கினால், இருபத்தொன்றாம் தேதி நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"வாய்தா வாங்கறது ஒரு நிமிஷ வேலை. ஆனா இந்த ஜட்ஜ் மாசக் கடைசியில மாறிப் போறார். புதுசா வர்றவர் முதல்லேர்ந்து கேப்பார். ஒரு வருஷம் ஆகலாம்." கட்டை என் பக்கம் தள்ளினாள். "இத நான் முடிவு பண்ண முடியாது. ஒச்சம்மாகிட்ட நீங்களே கேளுங்க. அவங்க சரின்னா எனக்குச் சரி."

படி இறங்கும்போது, "சார், காபி?" என்றாள். ஆறட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காபி இன்னும் வரவேயில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வாய்க்கால் கரை வழியாகத்தான் போனேன். முக்கால் கிலோமீட்டர். ஒரு செருப்பு சேற்றில் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். இந்த வழியை அந்த வழக்கின்போது ஒரு தடவைகூட நான் நடந்து பார்த்ததில்லை. மனுவில் மட்டும் "மிகுந்த சிரமத்துடன்" என்று எழுதியிருந்தேன்.

சின்னக்காளை கட்டிலில் இருந்தார். வலது கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. ஒச்சம்மாள் பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம் இருந்ததை, அன்று அதைக் காட்டாமல் விட்டதை, பிறகு ஜெசிந்தாவிடம் மறைத்ததை. வரிசையாகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது.

"அன்னைக்கிக் கோவத்துல உக்காந்துட்டீகளாக்கும்" என்றாள்.

"ஆமா."

"எனக்கும் தெரியும்யா. பின்னாடிதான நின்னேன். ஜட்ஜய்யா இன்னும் கேள்வி இருக்கான்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்தீக. பெரிய எடத்துக் கோவம், நமக்கென்னான்னு இருந்துட்டேன். என் சந்தும் அதுல போச்சுன்னு யாரு கண்டா?"

டைப் அடித்தவரின் தவறு இல்லை.

வாய்தா விஷயத்தைக் கேட்டேன். எத்தனை நாள் என்றாள். ஒரு வருஷம் ஆகலாம் என்றேன். அவள் சின்னக்காளையைப் பார்த்தாள். "ஆறு மாசத்துக்குள்ள பயிற்சி குடுக்கலேன்னா அப்பறம் குடுத்தும் பிரயோசனமில்லைன்றாரு டாக்டரு. ஆறு மாசம் இந்தா முடியப் போவுது." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஜட்ஜா ஆனா எங்க கேசு ஒங்ககிட்ட வருமா?"

"வராது. நான் ஆஜரான வழக்கை நானே விசாரிக்கக் கூடாது."

"அப்ப நீங்க ஆனா எங்களுக்கென்ன, ஆகாட்டி என்ன?" என்றாள். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னக்காளை சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாலக் குடிங்க, ஆடை கட்டுது" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

அபிடவிட்டை நானே எழுதினேன். பால்சாமி டைப் செய்தார். முதலில் "சந்தர்ப்பவசமாக" என்று போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். "வேலைப் பளு காரணமாக" என்பதையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது மூன்று பத்தி. கோபத்தில் கேள்விகளை நிறுத்தினேன், பத்திரத்தைக் காட்டவில்லை. கட்டு கரையானால் அழிந்தது என்று அடுத்த வழக்கறிஞரிடம் பொய் சொன்னேன். இதில் வாதியின் தவறு எதுவும் இல்லை.

பால்சாமி டைப் செய்து முடித்துவிட்டு, "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல சார்" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டார். அவருக்கு ஜலதோஷம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மனு தாக்கல் ஆயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, தோற்ற பிறகு தயாரித்த கதை என்றார். அவர் அபிடவிட்டை உரக்கப் படித்தபோது கோர்ட்டில் ஒரு தும்மல் சத்தம்கூட இல்லை. நீதிபதி என்னைப் பார்த்து, "இது உங்கள் கையெழுத்துதானே? யோசித்துத்தான் போட்டீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். உத்தரவுக்கு இருபத்தேழாம் தேதி.

வக்கீல்கள் அறையில் ஒருவரும் பேசவில்லை. ஊரை விட்டுப் போவேன் என்றவன் மட்டும் வந்து, "சார், பார் கவுன்சில்ல எவனாவது புகார் குடுத்தா எனக்கு வக்காலத்து குடுங்க. ஃபீஸ் வேணாம்" என்றான். நக்கலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இவன் பெயர் தயாநிதி. இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டத்தில் நாலைந்து கேள்விகள். பிறகு ஒருவர், "உறுதிமொழியில் மாற்ற வேண்டியது ஏதும் உண்டா?" என்றார். வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுதான். அபிடவிட்டின் நகலை எடுத்துக் கொடுத்தேன். கை மாறிக் கை போயிற்று.

நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "கரையான் இல்லையா?"

"இல்லை அம்மா."

"நேர்முகம் முடிந்த பிறகு இதைத் தாக்கல் செய்திருக்கலாமே?"

"செய்யலாம் என்றுதான் இருந்தேன். வாதியின் புருஷனுடைய சிகிச்சைக்கு அவ்வளவு நாள் இல்லை."

நீதிபதியானால் முதல் வேலை என்ன என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார். வராந்தாவில் கட்சிக்காரர்களுக்கு பெஞ்ச் போடச் சொல்வேன் என்றேன்.

"அதற்கு மாவட்ட நீதிபதி ஆக வேண்டியதில்லையே?"

"ஆமாம் ஐயா. நானே என்றைக்கோ போட்டிருக்கலாம்."

அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்கள்.

ஜூன் 27, வெள்ளி

மனு அனுமதிக்கப்பட்டது. பத்திரத்துக்கு எண் போட்டார்கள்: வாதி தரப்பு ஒன்பது. வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசிப் பார்க்கச் சொல்லிவிட்டு நீதிபதி மாற்றலாகிப் போகிறார். வராந்தாவுக்கு இரண்டு பெஞ்ச் வாங்க தயாநிதி வசூல் பண்ணுகிறான். ஒன்றின் செலவு என்னுடையது.

ஜூலை 12, சனி

மக்கள் நீதிமன்றம். ஒரு மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம், ஒச்சம்மாளும் நாற்காலியில். தனுஷ்கோடி தன் அப்பாவின் கையெழுத்தையே நெடுநேரம் பார்த்தார். "எங்கப்பா சுழிக்கிற 'ர'தான்" என்றார். பிறகும் விடவில்லை. சுவரை இடித்தால் படிக்கட்டு போகும், ஏழடிதான் தர முடியும் என்றார்.

ஜெசிந்தா எட்டடிக்கு வாதாட எழுந்தாள். நானும் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள் ஒச்சம்மாள். "ஆட்டோவுக்கு எத்தினி அடி வேணும்?"

"அஞ்சு போதும்" என்றேன்.

"ஏழக் குடுத்துட்டுப் போறாரு. இன்னும் ஒம்பது வருசம் என்னால நிக்க முடியாது."

கையெழுத்து ஆயிற்று. இனி இதன் மீது அப்பீல் கிடையாது. ஜெசிந்தா காபி வாங்கி வரச் சொன்னாள். குடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

காலையில் சுவரை இடித்து முடித்தார்கள். பார்த்துவிட்டு கோர்ட்டுக்குப் போகலாம் என்று போனேன். ஆட்டோ பின்புறமாகவே சந்துக்குள் போயிற்று, தொழுவம் வரை. டிரைவர், "பெரிய ரோடா இருக்கேக்கா, லாரியே வரும்" என்றான். "வாயி மட்டும் கொறச்சலில்ல, தூக்கு" என்றாள் ஒச்சம்மாள்.

சின்னக்காளையை உட்கார வைத்ததும் இடது பக்கமாகச் சரிந்தார். ஒச்சம்மாள் முன்னால் ஏறி மருந்துப் பையைப் பிடித்தாள். இடது பக்கம் முட்டுக்கொடுக்க ஆள் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் நேரமானதற்குத் திட்டினாள். என்னை மகன் என்று நினைத்துவிட்டாள். "அப்பாவை இவ்ளோ நாள் கூட்டிட்டு வராம என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். சின்னக்காளையின் இடது கையை என் தோளில் போட்டுக்கொண்டேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள். வலது காலை வைத்தார். இடது காலை அவள் கையால் பிடித்து நகர்த்தினாள். மூன்றாவது முறை அது தானாகக் கொஞ்சம் இழுபட்டது. ஒரு விரற்கடை இருக்கும். ஒச்சம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். புதன்கிழமை பத்து மணிக்குச் சரியாக வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இடது பக்கத்துக்கு நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தேர்வுப் பட்டியல் இன்று மாலை ஐந்துக்கு வெளியாகும் என்றார்கள். இப்போது மணி ஏழு. வசுமதி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சின்னக்காளை சாய்ந்து வந்த தோள் வலிக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன்.